கொழுந்து மலையில் தலைசுற்று: மெனியேர் நோய்க்கு ஊசியா, சத்திரசிகிச்சையா?

அம்மா விழுந்த நாளில் மழை விட்டு மலை முழுக்க வழுக்கலாக இருந்தது. கால் சறுக்கித்தான் விழுந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா மட்டும் இல்லையென்று சொன்னார். "யாரோ முதுகுல கைய வச்சி தள்ளுன மாதிரி இருந்திச்சி தம்பி. நெனவு நல்லா இருந்திச்சி. விழுறது எனக்கே தெரிஞ்சிச்சி. புடிக்கத்தான் ஒன்னும் கெடைக்கல." கூடையோடு உருண்டு கீழே கானுக்குள் (வடிகாலுக்குள்) கிடந்தவரைப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்தெடுத்தவர்கள்தான் தூக்கி வந்தார்கள்.

அதற்கு முன்னால் இரண்டு வருடமாகவே தலைசுற்று இருந்தது. முதலில் இடது காது அடைத்துக்கொள்ளும். பிறகு தூரத்துத் தேயிலை ஸ்டோரில் மெஷின் ஓடுவதுபோல உள்ளே இரையத் தொடங்கும். அதன்பின் காம்பராவே சுற்றும், வாந்தி வரும், மூன்று மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி படுத்திருப்பார். ஓரிடத்தில் பிரஷர் என்றார்கள், இன்னோர் இடத்தில் கேஸ்ட்ரைட்டிஸ் என்றார்கள். காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அம்மாவும் காதையும் தலைசுற்றையும் சேர்த்துச் சொல்லவில்லை. விழுந்த பிறகுதான் கண்டியில் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம். மெனியேர் நோய் என்ற பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டோம்.

நான் வைத்தியர் அல்ல, ஹட்டன் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். நான்கு வருடமாக அம்மாவோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்து, கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். காரணம், போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு தேடி வந்தது. மகனுக்கு இதே நோய். "எந்த ஒப்பரேஷன் நல்லதுங்க சேர்?" என்று கேட்டார்கள். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு இரண்டைக் கேட்டிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். அந்தக் காதில் இன்னும் எவ்வளவு கேட்கிறது? அந்தக் காது தரும் சமநிலை இல்லாமல் போனால், மிச்சம் இருப்பதை வைத்து இவரால் நம் சரிவுகளில் நடக்க முடியுமா? எந்தச் சிகிச்சையையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்காதில் கேட்டலுக்கு நத்தை ஓடு போன்ற ஒரு பகுதியும், சமநிலைக்கு மூன்று அரைவட்டக் குழாய்களும் சிறு பைகளும் இருக்கின்றன. இவற்றுக்குள் ஓடும் திரவம் ஒன்றுதான். அந்தத் திரவம் பெருகி உள்சவ்வு வீங்கும்போது கேட்டலும் சமநிலையும் சேர்ந்தே குழம்புகின்றன. தலைசுற்று மூளையில் மட்டுமல்ல, காதிலிருந்தும் வரலாம் என்று 1861இல் பாரிஸில் எடுத்துச் சொன்னவர் புரோஸ்பர் மெனியேர். திரவம் வீங்கிக் கிடப்பதை, இறந்தவர்களின் காது எலும்பை வெட்டிப் பார்த்து 1938இல் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டார்கள். அது ஏன் பெருகுகிறது என்பதற்கு வைத்திய உலகில் இன்னும் உறுதியான விடை இல்லை. சிகிச்சைகள் பலவாக இருப்பதும், அவற்றைப் பற்றி நிபுணர்களே ஒத்துப்போகாமல் இருப்பதும் அதனால்தான்.

ஒப்பரேஷன் பேச்சை எடுக்குமுன் நோய் இதுதானா என்று உறுதிசெய்வது முக்கியம். மெனியேரில் ஒரு சுற்று 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை இருக்கும். அப்படி இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். தாழ்ந்த, நடுத்தர ஒலிகள் அந்தக் காதில் குறைந்திருப்பது கேட்டல் பரிசோதனையில் தெரிய வேண்டும். இரைச்சலோ அடைப்போ கூடிக்குறைந்து வரவும் வேண்டும். படுக்கையில் புரளும்போது சில வினாடி மட்டும் சுற்றி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வேறு நோய். உட்காதில் சிறு சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறுவதால் வருவது அது. தலையை முறைப்படி திருப்பி அங்கேயே சரிசெய்துவிடுவார்கள், கத்தியே வேண்டாம். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் தலைசுற்றும் உண்டு. கேட்டல் நரம்பில் கட்டி இல்லையென்று தெரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம் ஆட்களுக்கு மொழியாலும் ஒரு சிக்கல் வருகிறது. நாம் எல்லாவற்றையும் "மயக்கம்" என்று சொல்லிவிடுகிறோம். கண் இருட்டினாலும் மயக்கம், வீடு சுற்றினாலும் மயக்கம். அது சிங்களத்தில் போகும்போது "கிளாந்தய" ஆகிவிடும். கேட்கும் வைத்தியர் இரத்த அழுத்தத்தையும் சீனியையும்தான் பார்ப்பார். சுற்றுகிறது என்றால் "கரகெவில்ல" என்று சொல்லுங்கள். எந்தக் காது, எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் காது அடைத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் இரண்டு வருடத்தில் பாதி இந்த ஒரு சொல்லால் போயிற்று என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி நான் எழுதப்போகும் எந்தச் சிகிச்சையும் போன கேட்டலைத் திருப்பித் தராது. காதிரைச்சல் நிற்கும் என்றும் யாராலும் வாக்குத் தர முடியாது. எல்லாமே தலைசுற்றுக்கும் விழுகைக்கும் தான். "ஒப்பரேஷன் பண்ணினா காது கேக்கும்" என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டவர்களைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஏமாற்றம் பெரியது.

ஒப்பரேஷன் இல்லாமல் இருப்பதும் ஒரு தெரிவு. அதைச் சும்மா இருப்பது என்று எண்ண வேண்டாம். சத்திரசிகிச்சை செய்யலாம் என்று சொல்லியும் மறுத்துவிட்ட நோயாளிகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 1989இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தலைசுற்று முழுதாக நின்றிருந்தது. எட்டு வருடத்துக்குச் சற்று மேல் போனபோது 71 சதவீதம். நோய் பலருக்குத் தானே ஓய்ந்துவிடுகிறது. ஆனால் அந்த வருடங்களில் கேட்டல் குறைந்துகொண்டே வரும். கொழும்பில் மேசை வேலை செய்பவருக்கு எட்டு வருடம் பொறுப்பது ஒரு விதம். கொழுந்து மலையில் நிற்பவர் அத்தனை காலமும் பொறுக்க முடியுமா என்பது வேறு கதை.

உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு தேக்கரண்டி உப்பில் கிட்டத்தட்ட 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, நாள் முழுவதற்கும் அதற்குள் நிற்கச் சொல்வார்கள். ரொட்டியில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு என்று வாழும் வீட்டில் இது லேசான காரியமில்லை. பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று குறைவு, என்றாலும் கெடுதல் இல்லாததால் நாங்கள் செய்தோம். அம்மா கருவாட்டை விட்டார், சம்பலை விடவில்லை. பீட்டாஹிஸ்டின் மாத்திரையைப் பெரும்பாலும் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பார்கள். ஜெர்மனியில் 221 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. அந்த மாத்திரை குடித்தவர்களுக்கும் வெறும் மாத்திரை குடித்தவர்களுக்கும் தலைசுற்று ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், வைத்தியரோடு பேசுங்கள். காதுக்குள் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் 2020 வழிகாட்டல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. யாராவது விற்க வந்தால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கு மேல்தான் உண்மையான தெரிவுகள். இவற்றை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். உட்காதைக் காப்பாற்றிக்கொண்டு நோயைத் தணிக்கப் பார்ப்பவை ஒரு பக்கம். அந்தக் காதின் சமநிலை உறுப்பையே வேலை செய்யாமல் ஆக்கிவிடுபவை மறு பக்கம். முதல் வகையில் தோற்றால் திரும்பி வரலாம். இரண்டாவது வகையில் திரும்பி வர வழி இல்லை.

காக்கும் வகையில் முதலாவது, செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. பறையை மரத்துப்போக வைத்து மெல்லிய ஊசியால் மருந்தை விடுவார்கள், அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் போல் படுக்க வைப்பார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். கேட்டலுக்கு ஆபத்து மிகக் குறைவு. குறை என்னவென்றால், பலன் சில மாதத்தில் தேய்ந்து மறுபடி போடவேண்டி வரலாம். அம்மாவுக்கு மூன்று முறை போட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்த சுற்று மாதத்துக்கு ஒருமுறையாகி, எட்டு மாதம் அப்படியே நின்றது. அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் நிம்மதி இருந்தது.

அடுத்தது உட்திரவப் பையில் செய்யும் சத்திரசிகிச்சை. முழு மயக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் வெட்டி, எலும்பைக் குடைந்து, திரவம் போய்ச்சேரும் சிறு பையைச் சுற்றியுள்ள எலும்பை அகற்றுவார்கள், அல்லது பையைத் திறந்து வடிகால் வைப்பார்கள். 1920களில் பிரான்சில் தொடங்கிய முறை இது. இதற்குப் பெரிய புகழ் தேடிக்கொடுத்தவர் அலன் ஷெப்பர்ட். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான அவரை இந்த நோயால் பறக்க விடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். 1960களின் இறுதியில் லொஸ் ஏஞ்சலிஸில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டு, 1971இல் அப்பல்லோ 14இல் போய் நிலவில் நடந்தார். இந்தக் கதையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கும் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் டென்மார்க் ஆய்வை வாசித்தேன். 1981இல் வெளியானது. 30 நோயாளிகள். பாதிப் பேருக்கு உண்மையான வடிகால் வைத்தார்கள். மற்றப் பாதிக்குக் காதின் பின்னால் வெட்டி எலும்பைக் குடைந்துவிட்டு, பையைத் தொடாமலே மூடினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு பக்கத்திலும் பெரும்பாலானோர் தேறினார்கள். அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, வித்தியாசம் இருக்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு, விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்குப் படுவது இது. நோய் மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் ஒருவர் ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கிறார். கூடிக்குறையும் நோய் அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் தணியும். எது சிகிச்சையால் தணிந்தது, எது தானாகத் தணிந்தது என்று ஒரு தனி மனிதரின் கதையிலிருந்து சொல்ல முடியாது, அவர் நிலவுக்கே போய் வந்திருந்தாலும். ஆனாலும் இந்த முறையை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். கேட்டலைக் கெடுக்கும் ஆபத்து குறைவு, சமநிலை உறுப்பு அப்படியே இருக்கும். நன்றாகக் கேட்கும் காது, ஊசிக்கு மசியாத நோய், அழிக்கும் சிகிச்சைக்குப் பயம் என்று இருப்பவருக்கு இது நியாயமான நடுவழி. முழு மயக்கமும் வார்ட்டில் தங்குவதும் நிச்சயம், பலன் அவ்வளவு நிச்சயமில்லை என்று தெரிந்துகொண்டே போக வேண்டும்.

அரைவட்டக் குழாய்கள் மூன்றையும் அடைத்துவிடும் புதிய முறை ஒன்று சீனாவில் அதிகம் செய்யப்படுகிறது. நீண்டகால முடிவுகள் இன்னும் சேர வேண்டும், நம் பக்கத்தில் ஒருவர் முன்னால் இருக்கும் தெரிவாக அதை நான் வைக்கமாட்டேன்.

இனி அழிக்கும் வகை. ஏன் அழிக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பழுதான காது தவறான செய்தியை விட்டுவிட்டு அனுப்புகிறது. மூளைக்கு அதைப் பழகிக்கொள்ள முடியாது, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறுவதால். அந்தச் செய்தி முற்றாக நின்றுவிட்டால், மறு காதையும் கண்ணையும் பாதங்களையும் வைத்துக்கொண்டு மூளை புதிதாகக் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும். அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "ஒருநாள் வந்து ஒருநாள் வராத ஆள வச்சி வேல பிரிக்க முடியுமா? வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்குப் பிரிச்சிக் குடுத்துறலாம்ல." அம்மாவுக்கு உடனே விளங்கிற்று.

இந்த வகையில் லேசானது ஜென்டாமைசின் ஊசி. ஸ்டீரொய்ட் போலவே செவிப்பறை வழியாகப் போடுவது, வெட்டுக் கிடையாது. இந்த அன்டிபயோட்டிக் உட்காதின் சமநிலைக் கலங்களைக் கொல்லும். அந்தக் கெட்ட குணத்தையே மருந்தாக்கியிருக்கிறார்கள். ஒரு ஊசி போட்டுவிட்டுச் சில வாரம் பொறுத்துப் பார்த்து, வேண்டுமானால் மட்டும் அடுத்தது போடுவது நல்லது. பெரும்பாலானோருக்குத் தலைசுற்று அடங்குகிறது. கேட்டல் மேலும் குறையும் ஆபத்து உண்டு, அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். இங்கே ஒரு முக்கியமான ஒப்பீடு இருக்கிறது. பிரித்தானியாவில் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜென்டாமைசினும் மறு பாதிக்கு மெதில்பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டும் போட்டார்கள். முடிவு 2016இல் வந்தது. இரண்டு வருடம் போனபின் தலைசுற்று முதல் பாதிக்கு 87 சதவீதமும் இரண்டாம் பாதிக்கு 90 சதவீதமும் குறைந்திருந்தது. அதாவது காதை அழிக்காத மருந்தும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. இதை வாசித்த பிறகு, ஸ்டீரொய்ட் ஊசியை முயலாமல் நேரே ஜென்டாமைசினுக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முதலில் காக்கும் ஊசி, அது போதாவிட்டால்தான் மற்றது.

அதற்கு மேலே இரண்டு பெரிய சத்திரசிகிச்சைகள். சமநிலை நரம்பை வெட்டுவது ஒன்று. தலையோட்டைத் திறந்து, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கேட்டல் பகுதியை விட்டுவிட்டுச் சமநிலைப் பகுதியை மட்டும் அறுப்பார்கள். 10 பேரில் 9 பேருக்கு மேல் தலைசுற்று நிற்கிறது, கேட்டலும் பெரும்பாலும் தப்புகிறது. ஆனால் இது மூளைக்குப் பக்கத்தில் செய்யும் வேலை. முக நரம்பு அருகிலேயே ஓடுகிறது, மூளைத் திரவம் கசியலாம், தலைவலி நீளலாம். காது நிபுணரும் மூளை நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் வேண்டும். மலையகத்துக்காரருக்கு அது கண்டிக்கோ கொழும்புக்கோ போவது.

உட்காதின் சமநிலை உறுப்பை எலும்போடு குடைந்து அகற்றிவிடுவது மற்றது. லெபிரிந்தெக்டமி என்பார்கள். தலையோட்டுக்குள் போவதில்லை, ஆகவே நரம்பை வெட்டுவதைவிட ஆபத்து குறைவு. தலைசுற்றை நிறுத்துவதில் எல்லாவற்றிலும் உறுதியானது இதுதான், 95 சதவீதத்துக்கு மேல் என்று சொல்கிறார்கள். விலை? அந்தக் காதில் மிச்சமிருக்கும் கேட்டல் முழுதும் போய்விடும், அன்றைக்கே. பயன்படும் கேட்டல் இல்லாத காதுக்கு மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். நத்தைப் பகுதியையும் நரம்பையும் விட்டுவைப்பதால் நரம்பை நேரே தூண்டிக் கேட்க வைக்கும் கொக்லியர் கருவியைப் பின்னால் பொருத்த இடமுண்டு, ஆனால் அந்தக் கருவியின் விலை பெரிது.

பயன்படும் கேட்டல் என்பதை வைத்தியர்கள் ஏறத்தாழ இப்படி அளக்கிறார்கள்: 50 டெசிபலுக்குள் ஒலி கேட்க வேண்டும் (இந்த எண் கூடினால் கேட்டல் குறைவு என்று பொருள்), சொல்லும் சொற்களில் பாதியையாவது சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதிலே நம் ஆட்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனை உங்களுக்குப் பழகாத மொழியில் நடந்தால் மதிப்பெண் குறைவாகத்தான் வரும், காது நன்றாக இருந்தாலும்கூட. அந்த எண்ணை வைத்து ஒரு காதை அழிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கப்போகிறார்கள். தமிழ்ச் சொற்களால் சோதிக்கும்படி கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

என்னுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சரிவில் நடப்பது. பாடப் புத்தகங்கள் எழுதுவது தட்டையான நடைபாதையில் நடப்பவர்களுக்காக. அழிக்கும் சிகிச்சைக்குப் பிறகு மூளை பழகிவிட்டாலும், இருட்டிலும் கரடுமுரடான தரையிலும் ஒரு தள்ளாட்டம் மிஞ்சலாம். நமக்கோ லயத்துப் படியிலிருந்து காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் வரை இரண்டும்தான். விடியற்காலை மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது, தரை எங்கும் சரிவு, தலையில் கூடையின் பாரம். கண் உதவாத நேரத்தில் காதும் பாதமும்தான் மனிதரை நிறுத்துகின்றன. அதனால் அழிக்கும் சிகிச்சை மலையில் வேலை செய்பவருக்கு மற்றவர்களைவிட அதிகம் செலவு வைக்கிறது. ஆனால் அம்மாவுக்கு வந்ததுபோலத் தள்ளிவிட்ட மாதிரி விழும் விழுகை இருந்தால் கணக்கு மாறுகிறது. எச்சரிக்கையே இல்லாமல் வருவது அது. சமதரையில் முழங்கை சிராய்க்கும், கொழுந்து மலையில் உயிரே போகலாம். நோயும் மலையில் ஆபத்து, மருந்தும் மலையில் ஆபத்து. இதை எடைபோட வெளியாரால் முடியாது, அந்தச் சரிவில் நடப்பவரும் அவர் வீட்டாரும்தான் வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மா வேலை செய்யும் மலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் நிபுணரிடம் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை.

அம்மாவுக்கு ஸ்டீரொய்டின் பலன் எட்டு மாதத்தோடு தீர்ந்தது. இரண்டு முறை மறுபடி விழுந்தார். அப்போது இடது காதில் 60 டெசிபல், சொற்களில் பத்துக்கு நான்கு. வலது காது நன்றாக இருந்தது. பையில் செய்யும் சத்திரசிகிச்சை இனிக் காப்பாற்ற அந்தக் காதில் அதிகம் இல்லை. நரம்பை வெட்டுவது 54 வயதில் பெரிய ஒப்பரேஷன், காக்க வேண்டிய கேட்டலும் சொற்பம். ஜென்டாமைசினா, லெபிரிந்தெக்டமியா என்று வந்து நின்றது. மிச்சமிருக்கும் கேட்டலை முழுதாக விட அம்மாவுக்கு மனமில்லை. "போன்ல உன் குரல் தெரியலனாலும், இந்தப் பக்கம் யாரோ கூப்புடுறாங்கனு தெரியுதே." அந்தப் பேச்சோடு நாங்கள் ஜென்டாமைசின் பக்கம் சாய்ந்தோம். மறு காதையும் யோசித்தோம். இந்த நோய் சிலருக்கு வருடங்கள் கழித்து மற்றக் காதிலும் வரும். இரண்டு பக்கத்துச் சமநிலையும் போனால் நடக்கும்போது கண் முன்னால் உலகமே குதிக்கும். ஒரு காதை அழிப்பதை அவசரமாகச் செய்யக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனையை வெளிநோயாளர் பிரிவில் இருந்த ஓர் இளம் வைத்தியர் சொன்னார். அம்மாவின் வலது கண்ணில் வெண்படலம் இருந்தது. "காதுக்கு முந்தி கண்ணைச் செய்துகொண்டு வாருங்கள்" என்றார். காதைக் குறைத்துவிட்டால் பாரம் கண்ணின் மேல் விழும். அந்தக் கண் மங்கலாக இருந்தால் மூளை எதை வைத்துப் பழகும்? வெண்படலத்தை எடுத்து மூன்று மாதத்துக்குப் பிறகுதான் காதுக்கு ஊசி போட்டோம். சீனி வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களும் இதே மாதிரி முன்னால் யோசிக்க வேண்டும்.

ஊசி போட்டு ஐந்தாம் நாள் தள்ளாட்டம் தொடங்கியது. சுற்றவில்லை, படகில் நிற்பதுபோல என்றார் அம்மா. மூன்று வாரம் சுவரைப் பிடித்து நடந்தார். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி, சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்பும் பயிற்சியை நாளுக்கு மூன்று முறை செய்தார். இந்தப் பயிற்சி இல்லாமல் ஊசியோ ஒப்பரேஷனோ பாதி வேலைதான். படுத்தே கிடந்தால் மூளை பழகாது. ஏழு மாதமாக அம்மா விழவில்லை. இரண்டு முறை லேசாகச் சுற்றியது. கேட்டல் இன்னும் கொஞ்சம் குறைந்து 65 டெசிபலைத் தொட்டிருக்கிறது. பெரட்டில் பேசி அம்மாவைத் தேயிலைக் கன்று நர்சரிக்கு மாற்றினோம், சரிவில் கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டார். அதில் அவருக்கு வருத்தம்தான், கிலோவில் யாரும் அவரை முந்தியதில்லை. இனி மோசமானால் இரண்டாவது ஊசி இருக்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் லெபிரிந்தெக்டமி இருக்கிறது. கடைசித் தெரிவைக் கடைசிக்கே வைத்திருக்கிறோம்.

செலவைப் பற்றியும் கொஞ்சம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. காசு போவது வழியிலும் நாட்களிலும்தான். ஊசி என்றால் போய்வருவது பல தடவை, ஒவ்வொன்றும் ஒரு நாள் பேர் (சம்பளம்) இல்லாமல் போகிற நாள், கூடப் போகிறவருக்கும் சேர்த்து. பெரிய ஒப்பரேஷன் என்றால் ஒரே போக்கு, ஆனால் வார்ட்டில் நாட்களும் வீட்டில் வாரங்களும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தலைசுற்று உள்ளவரை கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது இரக்கமில்லாத வேலை. நாங்கள் முடிந்த நாளெல்லாம் ஹட்டனில் ரயில் ஏறினோம்.

போன மாதம் வந்த அந்தப் பிள்ளைக்கு 31 வயது, ஆட்டோ ஓட்டுகிறார். காது இன்னும் 30 டெசிபலில் நிற்கிறது. விழுகை வந்ததில்லை. அம்மாவுக்குப் பொருந்திய ஊசி அவருக்குப் பொருந்தாது என்று சொன்னேன். அவரிடம் காக்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் உப்பு, பிறகு ஸ்டீரொய்ட் ஊசி. அது போதாவிட்டால் பையில் செய்வதைப் பற்றியும், அதற்கும் அப்பால் நரம்பை வெட்டுவதைப் பற்றியும் பேசலாம். லெபிரிந்தெக்டமி என்ற சொல்லே அவர் காதில் இப்போதைக்கு விழ வேண்டாம். ஆட்டோவை மட்டும் வைத்தியர் சொல்லும்வரை தொடக்கூடாது என்றேன். அதற்குத்தான் வீட்டில் எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள், தவணைப் பணம் கட்டுகிற வண்டி.

அடுத்த கிளினிக்குக்கு அவரோடு நானும் போகிறேன். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறோம். எம்.ஆர்.ஐ. எப்போது? சொல் சோதனை தமிழில் செய்ய முடியுமா? ஸ்டீரொய்ட் எத்தனை முறை போட்டுப் பார்த்த பிறகு போதாது என்று முடிவெடுப்பீர்கள்? நல்ல காதின் சமநிலையைத் தனியாகச் சோதிப்பீர்களா? கடைசியாக அவர் தன் கையாலேயே ஒன்று எழுதினார்: எத்தனை மாதம் சுற்றாமல் இருந்தால் திரும்ப ஓட்டலாம்?